தங்லோங் இரவும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும்



"சீனப்பள்ளியில் நடக்கும் தங்லோங் விழாவுக்கு நம் பிள்ளைகளை எதற்காக அழைத்துப் போகவேண்டும்?" 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. லுக்குட் வட்டாரத்தில் உள்ள ஒரு சீனப்பள்ளி, தன் விளக்குத் திருவிழாவுக்கு எங்கள் படிநிலை இரண்டு மாணவர்களை அழைத்திருந்தது. அழைப்புக் கடிதம் மலாய்மொழியில் இருந்தது. அடியில் ஒரே ஒரு வரி தமிழில் 'வணக்கம், வாருங்கள்' என்று கையால் எழுதப்பட்டிருந்தது. 'வாருங்கள்' என்பதில் ரு எழுத்து ஏறக்குறையப் பூனைக்குட்டி போல இருந்தது. யாரோ முயன்று எழுதியிருக்கிறார்கள். அதற்காகவே போகவேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஆனால், கேள்வி கேட்ட பெற்றோரின் கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. அது பல பெற்றோரின் மனத்தில் இருக்கும் கேள்வி. சில ஆசிரியர்களின் மனத்திலும் இருக்கிறது. ஆகவே என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இவ்விழா என்னவென்று பார்ப்போம். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதத்து முழுநிலவு நாளில் வருவது இது. இலையுதிர்காலத்தின் நடுநாள் என்பதே அதன் சீனப் பெயரின் பொருள். 2025இல் அக்டோபர் 6ஆம் நாள் வந்தது. அதாவது தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன்னர். அறுவடை முடிந்த வேளையில் குடும்பத்தினர் ஒன்றுகூடி நிலவைப் பார்த்து, மூன் கேக் வெட்டி, தேநீர் அருந்தி, பிள்ளைகள் கையில் விளக்கேந்தித் தெருவைச் சுற்றி வருவார்கள். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் முழுநிலவும் விளக்கும் சேர்ந்த நாள்தான். இரண்டையும் நம்மில் பலர் ஒன்றென்றே எண்ணிக் குழப்பிக் கொள்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பிரித்துச் சொல்லவேண்டும்.

நிலவில் ஒரு முயல் இருக்கிறது என்பது சீனர் கதை. அந்த முயல் உரலில் மருந்து இடிக்கிறதாம். இதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "எங்கள் பாட்டி நிலாவில் வடை சுடுகிற ஆயாவைத்தானே சொன்னார்!" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால், நிலவின் கறையை முயல் என்று சொல்லும் வழக்கு தமிழிலும் பழையதே. நிலவுக்கு 'சசி' என்றும் 'சசாங்கன்' என்றும் பெயர் வந்ததே முயலைக் குறிக்கும் வடசொல்லால்தான். அதைவிட வியப்பானது அகநானூற்றின் 141ஆம் பாடல். நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த வானில், முயற்கறை தெரிய மதி நிறைந்து, கார்த்திகை மீன்களுடன் சேரும் இரவில், பழமையான ஊரின் தெருக்களில் விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, பலரும் கூடிக் கொண்டாடும் விழாவை அப்பாடல் காட்டுகிறது. நிலவில் முயல், தெருவில் விளக்கு, கூடி நிற்கும் ஊர். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் இது எந்த விழா என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள்!

இதனால் சீனர் விழா நம்மிடமிருந்து போனது என்றோ, நம் விழா அங்கிருந்து வந்தது என்றோ நான் சொல்லவரவில்லை. எதைக் கண்டாலும் 'அது நம்முடையது' என்று உரிமை கொண்டாடும் பழக்கம் நம்மவரிடையே பெருகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. முழுநிலவு எல்லாருக்கும் பொது. மழை ஓய்ந்த காலத்தில் இருட்டில் விளக்கேற்றிப் பார்க்கும் ஆசையும் எல்லாருக்கும் பொது. இதை ஒரு தமிழாசிரியர் அறிந்திருந்தால், தங்லோங் விழாவுக்குப் போகும் பேருந்திலேயே அகநானூற்றை நடத்திவிடலாம்.

கூட்டத்தில் இன்னொருவர், "அயலார் விழாவுக்கு நாம் ஏன்?" என்றார். அயல் என்ற சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நாம் இருப்பது லுக்குட். கோலாலம்பூர் பெருநகரம் ஆவதற்கு முன்பே ஈயத்தால் பேர்பெற்ற ஊர் இது. 1840களின் பிற்பகுதியில் ராஜா ஜுமாத் இங்கே கோட்டை கட்டி ஆண்டார். அன்று லுக்குட் சிலாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1880இல்தான் சுங்கை ஊஜோங்கின் கைக்கு வந்தது. ஈய லம்பங்களில் வேலை செய்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். பின்னாளில் கோலாலம்பூரின் கப்பித்தானாகப் புகழ்பெற்ற யாப் ஆ லோய் இளமையில் இங்கே வேலை செய்தவர்தான். பிறகு ஈயம் ஓய்ந்தது, ரப்பர் வந்தது, ரப்பரோடு நம் முன்னோர் வந்தனர். காட்டை அழித்து, கொசுக்கடியில் காய்ச்சல் கண்டு, லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். அவர்கள் கப்பலேறி வந்தவர்கள்; இவர்களும் கப்பலேறி வந்தவர்கள். நான்காம் தலைமுறையில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் அயலார் என்கிறோம்.

தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறைக்குச் சீனர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மளிகைக் கடைக்காரர். மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் கருவாடும் அவர் கடையில்தான். 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். நம் தமிழை நம்மைவிடக் கொச்சையாகப் பேசுவார். அவர் வீட்டு வாசலில் எட்டாம் மாதம் விளக்குகள் தொங்கும். நாங்கள் பால் டின்னில் ஆணியால் துளையிட்டு, உள்ளே மெழுகுவத்தி வைத்து, கம்பி கட்டித் தூக்கிக்கொண்டு அவர் பிள்ளைகளின் பின்னால் ஓடுவோம். யாரும் அழைப்புக் கடிதம் கொடுக்கவில்லை. யாரும் அனுமதிப் படிவத்தில் கையொப்பமிடவில்லை.

இன்று தோட்டங்கள் துண்டாகிவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் பல பக்கங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. தோட்டத்துக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. ஒரே வரிசையில் தமிழர் வீடும் சீனர் வீடும் மலாய்க்காரர் வீடும் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு பேருந்துகளில் ஏறி மூன்று வெவ்வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள். மாலையில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதும் இல்லை, கைப்பேசி இருக்கிறதே! தோட்டத்தில் தானாக நடந்தது தாமானில் தானாக நடப்பதில்லை. எனவே பள்ளிதான் ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

சமயம் பற்றியும் உணவு பற்றியும் பெற்றோர் கேட்டது நியாயமான கேள்வி. பள்ளித் திடலில் விளக்கேந்திச் சுற்றுவது வழிபாடு அன்று. கோவிலில் ஊதுவத்தி ஏற்றி வணங்குவது வேறு. அதற்கு யாரும் நம் பிள்ளைகளை அழைக்கவில்லை. உணவைப் பொறுத்தவரை, பழைய முறையில் செய்யும் மூன் கேக்கில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. உப்பிட்ட முட்டைக் கரு வைப்பதுண்டு. சைவக் குடும்பத்துப் பிள்ளை என்ன உண்ணும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது அழைத்தவரை அவமதிப்பது ஆகாது. நாங்கள் கேட்டோம். தாமரை விதைப் பூரணம் வைத்த சைவ வகை தனித்தட்டில் வந்தது. இவ்வளவுதான் அந்தச் சிக்கல்.

மூன்றாவதாக ஓர் அச்சம் இருந்தது. கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையசைத்தார்கள். "பெரிய மண்டபம், குளிர்சாதன வகுப்பு, பளபளக்கும் மேடை... இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால், அடுத்த ஆண்டு தம்பியையும் தங்கையையும் அங்கேதான் சேர்ப்பார்கள். நாமே ஆள் பிடித்துக் கொடுப்பதா?"

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்ய முடியாது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை எப்படிக் குறைந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். 150 மாணவருக்குக் குறைவாக இருந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பள்ளியில் ஒரு குடும்பம் போனாலே இரண்டு நாற்காலி காலி. முதலாம் ஆண்டுப் பதிவு நடக்கும் நாள்களில் தலைமையாசிரியர்கள் உறக்கமின்றித் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்தால் முதலில் பெயரைப் படிப்பதில்லை. எத்தனை பெயர் என்றுதான் எண்ணுகிறோம்.

ஆனாலும் இந்த அச்சம் பிழையான இடத்தில் வந்து நிற்கிறது என்பதே என் கருத்து. சீனப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். யாரும் 'விளக்கு அழகாக இருந்தது' என்று சேர்க்கவில்லை. சீனமொழி தெரிந்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கணிதம் நன்றாக வரும் என்கிறார்கள். கட்டொழுங்கு என்கிறார்கள். வீட்டுக்குப் பக்கம் என்கிறார்கள். தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட, குடும்பம் தாமானுக்கு வந்துவிட்டது. பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் நாம் செய்யவேண்டியது இருக்கிறது: போக்குவரத்து, பாலர் வகுப்பு, கணிதம், நம் வகுப்பறையின் தரம். பக்கத்துப் பள்ளியின் வாசலைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மறைப்பது இவற்றில் எதையும் தீர்க்காது. அந்த வாசலைத் தாண்டித்தானே அவர்களின் பேருந்து நாள்தோறும் வருகிறது!

இன்னும் ஒன்று சொல்வேன். பிற பள்ளியைக் கண்டால் மாறிவிடுவான் என்று ஒரு மாணவனைப் பற்றி நாம் அஞ்சினால், நம் பள்ளியில் அவனுக்குப் பிடித்துப்போக எதுவும் இல்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆறு ஆண்டுகள் தமிழில் சிந்தித்து, தமிழில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, சீனப்பள்ளி மண்டபத்தில் நின்றால் கூனிக்குறுகி நிற்காது.

அன்று இரவு நடந்ததைச் சொல்கிறேன். சீனர் விளக்குத் திருவிழாவில் புதிர் போடும் வழக்கம் உண்டு. விளக்கின் அடியில் தாளில் புதிரை எழுதித் தொங்கவிடுவார்கள். விடை தெரிந்தவர் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய்ச் சொன்னால் பரிசு. நம் விடுகதைதான். அழைப்பு வந்ததுமே இதை அறிந்து, எங்கள் மாணவர்களையும் விடுகதை எழுதச் சொன்னோம். பழைய விடுகதை கூடாது, சொந்தமாக எழுதவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். நாற்பதுக்கு மேல் எழுதினார்கள். பாதி விடுகதைகளுக்கு விடை கைப்பேசி, காலம் அப்படி. ஒரு மாணவன், 'வயிற்றில் நெருப்பு எரிகிறது, ஆனால் எனக்குப் பசியில்லை, நான் யார்?' என்று எழுதினான். அந்தத் தாளை ஒரு சீனச் சிறுமி கிழித்துக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தன் தலைக்கு மேல் தொங்கிய விளக்கையே நிமிர்ந்து பார்த்து, "தங்லோங்!" என்று கூவினாள். எழுதியவனுக்குத்தான் கூடுதல் மகிழ்ச்சி. ஒரு மாதம் கட்டுரை எழுதச் சொல்லிக் கெஞ்சினாலும் வராத முகம் அது.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு குறை சொல்லவேண்டும். பல பள்ளிகளில் 'பல்லினப் பண்பாட்டு நாள்' என்பது உடைப் போட்டியாகச் சுருங்கிவிட்டது. நம் பிள்ளைக்குச் சிவப்புச் சீன உடை, சீனப் பிள்ளைக்குச் சேலை, வரிசையில் நிற்கவைத்து ஒரு படம், அதை ஒட்டி ஒரு பக்க அறிக்கை. அறிக்கை கோப்புக்குப் போய்விட்டால் ஒற்றுமை வளர்ந்துவிட்டதாகப் பொருள்! ஒரு பிள்ளைகூட மற்றொரு பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்காது. பள்ளிகளுக்கிடையே கூட்டு நடவடிக்கை வேண்டும் என்று 'ரிமுப்' என்னும் மாணவர் ஒருங்கிணைப்புத் திட்டத்தை 1986லேயே கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பணம் வரும் ஆண்டில் நிகழ்ச்சி, வராத ஆண்டில் மௌனம் என்றே பல இடங்களில் போயிற்று. தங்லோங் இரவுக்கு எங்களுக்கு ஆன செலவு பேருந்து வாடகையும் மணிலா அட்டையும்தான். பழைய ஆங்பாவ் உறைகளை ஒட்டி விளக்குச் செய்வதைச் சீனப்பள்ளி மாணவர்களே எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒட்டும்போதுதான் பெயர் கேட்டுக்கொண்டார்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானே வரும் என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர் எல்லாரும் அறிந்ததே.

இதை வெறும் ஒரு மாலைப் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டா. 2020ஆம் ஆண்டு சனவரியில் பூச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் சீனப் புத்தாண்டுக்காகத் தொங்கவிட்ட அலங்காரங்கள் சமயம் சார்ந்தவை என்று புகார் எழுந்து, அவற்றை அகற்றவேண்டிய நிலை வந்தது நினைவிருக்கும். பிறகு அப்போதைய துணைப் பிரதமரும் அமைச்சர் சிலரும் நேரில் சென்றார்கள். அலங்காரம் மீண்டும் ஏறியது. அதே மாதத்தில் பள்ளிகளில் பொங்கல் கொண்டாடுவது பற்றிய அதிகாரக் கடிதம் ஒன்றும் சர்ச்சைக்குள்ளானது. அன்று அவர்கள் விளக்கு, இன்று நம் பானை என்று ஒரே மாதத்தில் பார்த்துவிட்டோம். அவர்கள் விளக்கு இறக்கப்படும்போது 'நமக்கென்ன' என்று இருந்தால், நம் பானை இறக்கப்படும்போது அவர்களும் அப்படியே இருப்பார்கள்.

தாய்மொழிப் பள்ளிகள் இந்நாட்டின் ஒற்றுமைக்குத் தடை என்ற குற்றச்சாட்டும் ஓயவில்லை. வழக்குமன்றம் வரை போனார்கள். 2021 டிசம்பர் 29ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பர் 23ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை உறுதிசெய்தது. சட்டம் நம் பக்கம் நின்றது, மகிழ்ச்சி. ஆனால் 'உங்கள் பிள்ளைகள் பிற இனப் பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லையே' என்று ஒரு சாதாரண மனிதர் கேட்டால் தீர்ப்பின் படியை நீட்ட முடியாது. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாமும் சீனப்பள்ளி ஆசிரியர்களுமே.

வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிவன் கோவில் ஒன்றைப் பற்றியது. அதில் சீன எழுத்தும் இருக்கிறது. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு இன்னும் சுவையானது. மலாக்காக்காரர்கள் நன்கறிந்த கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு மட்டுமன்றி விளக்குத் தண்டுகளும் எண்ணெயும் உண்டு! பிறர் தெய்வத்துக்கு விளக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு அதை அவர்கள் மொழியிலேயே எழுதிவைத்துப் போன செங் ஹோவுக்குத் தம் சமயம் கரைந்துவிடும் என்ற அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இக்கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மாணவர்களின் பாடநூலில் இருக்கவேண்டிய செய்தி.

போகும்முன் ஆசிரியர் செய்யவேண்டியவை சில உண்டு. விழாவின் கதையை வகுப்பில் சொல்லிவிட்டுப் போங்கள். வேடிக்கை பார்ப்பவனாகப் போகும் பிள்ளைக்கும் தெரிந்து போகும் பிள்ளைக்கும் வேறுபாடு மிகுதி. வெறுங்கையோடு போகாதீர்கள், நம் மொழியில் ஒன்றைக் கொண்டு போங்கள். மெழுகுவத்தி விளக்கானால் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். காகித விளக்கு பிடித்துக்கொண்டால் ஒரு நொடிதான். மின்கல விளக்கு பாதுகாப்பானது. ஆனால் அதிலிருந்து வரும் இசையை முப்பது விளக்கில் ஒரே நேரத்தில் கேட்கும் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பி அழையுங்கள். விருந்துண்டு வந்துவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது தமிழர் பண்பன்று. தீபாவளிக்கு அழைத்தால் முறுக்கு தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். பொங்கலுக்குக் கூட்டம் மிகுதி. எனவே கார்த்திகை விளக்கீட்டுக்கு அழைக்கலாம் என்று கூட்டத்தில் முன்மொழிந்தேன். களிமண் அகல், பஞ்சுத் திரி, நல்லெண்ணெய். பிள்ளைகளே திரி திரிக்கலாம். இரு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து பள்ளி நடைபாதையில் அகல் வரிசை வைக்கலாம். 'ஆள் பிடித்துக் கொடுப்பதா' என்று கேட்ட அந்தத் தந்தையே, அகல் வாங்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். கோலக் கிள்ளானில் சொல்லிவைத்தால் மலிவாகக் கிடைக்குமாம்.

அழைப்புக் கடிதத்தின் அடியில் சீனத்தில் ஒரு வரி எழுதவேண்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் சீனம் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கடைசியில், மூத்த மகளை எங்களிடமும் இளைய மகனைச் சீனப்பள்ளியிலும் படிக்கவைக்கும் ஒரு தாய், மகனைக் கையோடு அழைத்து வந்தார். மூன்றாம் ஆண்டுப் பையன். மேசையில் அமர்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, நான்கு எழுத்துகளை மெல்ல எழுதினான். சுற்றி நின்று பார்த்த எங்கள் பிள்ளைகள், அதில் எது 'விளக்கு' என்று கேட்டு அடுத்த அரைமணி நேரம் அவனை விடவேயில்லை.